புதுப் போன் வாங்கிப் பக்கம் மாறலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய போன் ஒன்று அறிமுகமாகும் ஒவ்வொரு முறையும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் இரண்டு முறை பக்கம் மாறியவன். முதலில் ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போனேன். சில ஆண்டுகள் கழித்து மறுபடி ஆண்ட்ராய்டுக்கே வந்தேன். முதல் முறை அவசரப்பட்டதில் திரும்பக் கிடைக்காத ஒன்றை இழந்தேன். இரண்டாம் முறை ஒரு படம்கூடத் தொலையவில்லை. இரண்டு முறையும் வாங்கிய போன் நல்ல போன்தான். பழைய போனில் என்ன இருக்கிறது என்று வாங்குவதற்கு முன்பே உட்கார்ந்து பார்த்தேனா இல்லையா என்பதில்தான் வித்தியாசம்.

அறிமுகமான முதல் வாரத்திலேயே வாங்கலாமா?

பொறுங்கள். குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் இரண்டு மாதம்.

விமர்சகர்கள் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள் வைத்திருந்துவிட்டு எழுதுகிறார்கள். கேமரா, திரை, வேகம் எல்லாம் அந்த நாட்களில் தெரிந்துவிடும். ஆனால் சூடு, சிக்னல், பேட்டரி போன்றவற்றில் உள்ள குறைகள் பல லட்சம் பேர் கையில் புழங்கிய பிறகுதான் வெளியே வரும். சாம்சங் கேலக்ஸி நோட் 7 போன் 2016 ஆகஸ்ட் 19 அன்று விற்பனைக்கு வந்தது. பேட்டரி தீப்பிடித்ததால் செப்டம்பர் 2 அன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். மாற்றிக் கொடுத்த போன்களும் தீப்பிடிக்கவே, அக்டோபர் 11 அன்று உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. முதல் விமர்சனங்களில் அந்தப் போனுக்குக் கிடைத்தது பெரும்பாலும் பாராட்டுதான்.

எல்லாக் குறையும் அவ்வளவு பெரியதாக இருக்காது. 2010 ஜூனில் வந்த ஐபோன் 4-ஐ ஒரு குறிப்பிட்ட விதமாகப் பிடித்தால் சிக்னல் குறைந்தது. அடுத்த மாதமே ஆப்பிள் இலவச உறை கொடுக்க வேண்டியதாயிற்று. 2023 செப்டம்பரில் வந்த ஐபோன் 15 ப்ரோ அதிகம் சூடானது. அக்டோபர் தொடக்கத்தில் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸுக்கு 17.0.3 அப்டேட் கொடுத்துச் சரிசெய்தார்கள். இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். வன்பொருளில் கோளாறு என்றால் வாங்கியவருக்கு அலைச்சல். மென்பொருளில் கோளாறு என்றால் சில வாரம் பொறுத்தால் போதும். எது எந்த வகை என்பது முதல் வாரத்தில் யாருக்கும் தெரியாது.

முன்பதிவு செய்தால் இயர்பட்ஸ் இலவசமாம். அதை விடலாமா?

அந்த இயர்பட்ஸைத் தனியாகக் காசு கொடுத்து வாங்குவீர்களா என்று யோசித்துப் பாருங்கள். மாட்டீர்கள் என்றால் அது உங்களுக்குச் சலுகையே இல்லை. பழைய போனைக் கொடுத்தால் கூடுதல் தொகை தருகிறார்கள் என்பது உண்மையிலேயே பயனுள்ள சலுகைதான். ஆனால் பக்கம் மாறுகிறவர்களுக்கு அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. புதுப் போன் வந்த அன்றே பழையதைக் கொடுத்துவிட வேண்டியிருக்கும். அது ஏன் கூடாது என்று கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

இப்போது இல்லாத வசதி, "விரைவில் அப்டேட்டில் வரும்" என்கிறார்கள். நம்பலாமா?

கையில் இருப்பதை மட்டும் கணக்கில் எடுங்கள். பயனரின் மின்னஞ்சல், செய்திகளையெல்லாம் புரிந்துகொண்டு பதில் சொல்லும் புதிய சிரி என்ற குரல் உதவியாளரை ஆப்பிள் 2024 ஜூனில் மேடையில் காட்டியது. செப்டம்பரில் ஐபோன் 16 வந்தபோது விளம்பரங்களிலும் அது இடம்பெற்றது. 2025 மார்ச்சில், அதற்கு இன்னும் காலம் பிடிக்கும் என்று ஆப்பிளே சொன்னது. அந்த ஒரு வசதிக்காகவே வாங்கியவர்கள் இருந்தார்கள், அவர்களுக்காக வருத்தப்படுகிறேன். ஐபோன் 16 மற்ற எல்லா வகையிலும் நல்ல போன். ஆனால் வராத வசதியை நம்பி வாங்கியவருக்கு அது ஆறுதலா?

என் போன் மெதுவாகிவிட்டது. புதுசு வாங்க இது போதுமான காரணம்தானே?

பாதி நேரம் அது போதாது. முதலில் இரண்டு விஷயம் பாருங்கள்.

ஒன்று, ஸ்டோரேஜ். கிட்டத்தட்ட முழுதும் நிரம்பிய போன் திணறத்தான் செய்யும். பழைய வீடியோக்களையும், குழுக்களில் வந்து குவிந்த படங்களையும் கணினிக்கோ கிளவுடுக்கோ மாற்றிவிட்டு ஒரு வாரம் பயன்படுத்திப் பாருங்கள்.

இரண்டு, பேட்டரி. லித்தியம் அயான் பேட்டரி வேதிப்பொருளால் ஆனது, தேயத்தான் செய்யும். பல போன்களில் சுமார் 500 முழுச் சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகு முதல் நாள் கொள்ளளவில் 80 சதவீதம் மிஞ்சும் என்று கணக்கு. புதிய போன்கள் சிலவற்றில் இது 1000 சுற்று வரை போகிறது. தேய்ந்த பேட்டரியால் திடீரென்று வேண்டிய மின்சாரத்தைத் தர முடியாதபோது போன் அணைந்துவிடலாம். அதைத் தவிர்ப்பதற்காகப் பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அப்போது பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்ட பலருக்குப் பழைய வேகம் திரும்பக் கிடைத்தது. உங்கள் போனின் பேட்டரிக் கொள்ளளவு 80 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் அதை மாற்றிப் பாருங்கள். புதுப் போன் விலையில் சிறு பங்குதான் ஆகும்.

இரண்டும் சரியாக இருந்தும் போன் தடுமாறுகிறது, அல்லது பாதுகாப்பு அப்டேட் வருவது நின்றுவிட்டது என்றால் சரி, புதுசு பார்க்கலாம்.

பக்கம் மாற நல்ல காரணம் எது? தவறான காரணம் எது?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் பலரும் இதைக் கேட்காமலே மாறிவிடுகிறார்கள்.

கேமராவுக்காக மாறுவது பெரும்பாலும் தேவையில்லாதது. இன்று உயர்நிலை போன்களில் எந்தப் பக்கம் எடுத்தாலும் படம் அருமையாக வருகிறது. உங்கள் பக்கத்திலேயே நல்ல கேமரா போன் கிடைக்கும். வேகத்துக்காக மாறுவதும் அப்படித்தான். ராம் அளவை வைத்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுவது சரிவராது. இரண்டும் நினைவகத்தைக் கையாளும் விதமே வேறு.

"அங்கே சுதந்திரம் அதிகம்", "இங்கே பாதுகாப்பு அதிகம்" என்ற பேச்சையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டில் ஆப் கடைக்கு வெளியிலிருந்தும் ஆப்பை நிறுவலாம். ஐபோனில் அது பெரும்பாலும் முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டத்தின் காரணமாக 2024 மார்ச்சில் ஐஓஎஸ் 17.4 வழியாக வேறு ஆப் கடைகளுக்கு வழிவிட்டார்கள். ஆனால் உங்களுக்கு வேண்டிய எந்த ஆப் கடைக்கு வெளியே இருக்கிறது என்று யோசியுங்கள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை என்றால் அந்தச் சுதந்திரத்தை நீங்கள் பயன்படுத்தப்போவதில்லை. முகப்புத் திரையில் விட்ஜெட் வைப்பது ஐபோனில் 2020-லேயே வந்துவிட்டது. ஐகானை விரும்பிய இடத்தில் வைப்பதும் 2024-இல் வந்துவிட்டது. பத்து ஆண்டுக்கு முன் கேட்ட குறைகளை வைத்து இன்று முடிவெடுக்காதீர்கள்.

நல்ல காரணங்கள் நம் அன்றாடத்திலிருந்துதான் வரும். வேலைக்கு ஆப்பிளின் மேக் கணினி ஒன்று வைத்திருக்கிறீர்கள், கணினியில் நகலெடுத்ததைப் போனில் ஒட்ட ஐபோன் உதவும். காது கேட்பதிலோ பார்வையிலோ சிரமம் இருக்கிறது, அதற்கான வசதி ஒரு பக்கத்தில் உங்களுக்கு நன்றாக ஒத்துவருகிறது. வயதான பெற்றோருக்குத் தொலைவிலிருந்து போனில் உதவ வேண்டியிருக்கிறது, அவர்களுடையதும் உங்களுடையதும் ஒரே மாதிரி இருந்தால் "மேலே வலது மூலையைத் தொடுங்கள்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இந்தக் கடைசிக் காரணத்தை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை. என் அனுபவத்தில் வேறு எந்த வசதியும் இதற்கு ஈடாகாது.

இரண்டு பக்கத்திலும் சமமாகக் கிடைப்பதற்காக மாறினால் மாறும் சிரமம் மட்டும்தான் மிச்சம்.

வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் வருமா?

வரும், ஆனால் தானாக வராது. என்னை நானே மன்னிக்கச் சிரமப்படும் விஷயம் இது, கவனமாகப் படியுங்கள்.

ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் கணக்கில் போய்ச் சேர்கிறது. ஐபோனில் ஆப்பிளின் ஐகிளவுடில். இதன் பேக்கப்பை அது படிக்காது. "தினமும் இரவு பேக்கப் ஆகிறதே" என்று நிம்மதியாக இருப்பவர் பக்கம் மாறும் நாளில் அந்தப் பேக்கப்பை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

முன்பு இதற்கு வழியே இல்லாமல் இருந்தது. 2021-இல் ஐபோனிலிருந்து சில சாம்சங் போன்களுக்குக் கேபிள் வழியாக மாற்றும் வசதி வந்தது. பிறகு கூகுளின் பிக்சல் போன்களுக்கும் ஆண்ட்ராய்டு 12 உடன் வரும் புதுப் போன்களுக்கும் விரிந்தது. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாற்றுவது 2022-இல் வந்தது. அதற்கு ஆப்பிளின் "மூவ் டு ஐஓஎஸ்" ஆப்பைப் பழைய போனில் நிறுவ வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் விதி கிட்டத்தட்ட ஒன்றுதான். புதுப் போன் பெட்டியிலிருந்து எடுத்தபடியோ முழுதும் ரீசெட் செய்தபடியோ இருக்க வேண்டும். போன் எண் மாறக் கூடாது. இரண்டு போனும் சார்ஜில் இருக்கட்டும். புதுப் போனை முதன்முதலாக அமைக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் மாற்றத்தைச் செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டுப் புதுப் போனில் வாட்ஸ்அப்பை நேரடியாகத் திறந்து புதுசாகத் தொடங்கிவிட்டால், பழைய செய்திகளைப் பிறகு கொண்டுவந்து அதோடு சேர்க்க முடியாது. புதுப் போனை மறுபடி ரீசெட் செய்து முதலிலிருந்து வர வேண்டும்.

நான் முதல் முறை மாறியபோது ஆர்வத்தில் வாட்ஸ்அப்பை நேரே திறந்துவிட்டேன். நான்கு நாள் கழித்துத்தான் என் அப்பா அனுப்பிய குரல் செய்திகள் புதுப் போனில் இல்லை என்று கவனித்தேன். பழைய போனை அதற்குள் அழித்துக் கொடுத்திருந்தேன். அப்பா அதற்கு முந்தைய ஆண்டு இறந்துவிட்டார். "சாப்பிட்டியாப்பா, வந்ததும் கூப்பிடு" என்ற மாதிரி ஏழெட்டு நொடிச் செய்திகள்தான். அவற்றைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். மாற்றும் வசதி எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் சரி, உங்களுக்கு உயிரான குரல் செய்திகள், படங்கள், உரையாடல்களை முன்கூட்டியே ஏற்றுமதி செய்து கணினியில் ஒரு பிரதியும் வேறோர் இடத்தில் ஒரு பிரதியும் வையுங்கள். ஒவ்வொரு உரையாடலுக்குள்ளும் ஏற்றுமதி செய்யும் வாய்ப்பு இருக்கிறது, ஊடகங்களையும் சேர்த்தே எடுக்கலாம்.

டெலிகிராம் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. செய்திகள் அவர்களின் சர்வரில் இருப்பதால் உள்நுழைந்தால் போதும், எல்லாம் வந்துவிடும். ரகசிய உரையாடல்கள் மட்டும் அந்தந்தப் போனோடு நின்றுவிடும்.

ஐபோனை விட்டுப் போகிறேன். ஐமெசேஜுக்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

ஆமாம். சிம்மைக் கழற்றுவதற்கு முன் ஐபோன் அமைப்புகளில், ஐபோன்களுக்கு இடையே செய்தி அனுப்பும் ஐமெசேஜையும் வீடியோ அழைப்புக்கான ஃபேஸ்டைமையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மற்ற ஐபோன்கள் உங்கள் எண்ணுக்கு அனுப்பும் செய்தியை ஐமெசேஜாகவே அனுப்பப் பார்க்கும், உங்கள் புது ஆண்ட்ராய்டுக்கு அது வந்து சேராது. இது பலருக்கு நடந்த பிறகு 2014 நவம்பரில் எண்ணை இணையத்திலேயே நீக்கிக்கொள்ள ஆப்பிள் ஒரு பக்கம் திறந்தது. போன் கையைவிட்டுப் போய்விட்டாலும் அதில் செய்துகொள்ளலாம்.

2024 செப்டம்பரில் ஐஓஎஸ் 18 வந்ததிலிருந்து, தொலைத்தொடர்பு நிறுவனம் ஆதரித்தால், ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் இடையே ஆர்சிஎஸ் என்ற புதிய செய்தி முறையில் நல்ல தரத்தில் படம் அனுப்பலாம். முன்பு இருந்த மங்கிய படப் பிரச்சினை அதனால் குறைந்திருக்கிறது.

படங்கள்?

இதற்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். கூகுள் ஃபோட்டோஸ் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. ஐகிளவுடில் உள்ள படங்களைக் கூகுளுக்கு நேரடியாக நகலெடுத்து அனுப்பும் சேவையை ஆப்பிள் 2021-இல் தொடங்கியது, எதிர்த்திசையிலும் 2024 முதல் செய்ய முடிகிறது. பல ஆயிரம் படம் இருந்தால் முடிய நாட்கணக்கில் ஆகும். அதனால் புதுப் போன் வாங்குவதற்கு முந்தைய வாரமே தொடங்கிவிடுங்கள். நகல் முடிந்ததும் இரண்டு பக்கமும் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள், பகிரப்பட்ட ஆல்பங்கள் இதில் வராது.

காசு கொடுத்து வாங்கிய ஆப்களும் சந்தாக்களும்?

ஒரு கடையில் வாங்கிய ஆப் மறு கடைக்கு வராது. மறுபடி வாங்க வேண்டும். சந்தா அப்படியில்லை. அந்தச் சேவையின் இணையதளத்தில் நேரடியாகக் கட்டியிருந்தால் எங்கும் உள்நுழையலாம். ஆப் கடை வழியாகக் கட்டியிருந்தால் பழைய கணக்கிலிருந்து அது தொடர்ந்து பணம் எடுத்துக்கொண்டே இருக்கும். போனை மாற்றினால் சந்தா நிற்காது. பழைய போனில் சந்தாப் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாக நிறுத்துங்கள்.

வங்கி ஆப், இருபடிச் சரிபார்ப்புக் குறியீடு, பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதிலான டிஜிட்டல் சாவி) இதெல்லாம்?

புதுப் போனில் இது பிசகினால் உங்கள் கணக்குக்குள் நீங்களே நுழைய முடியாமல் நிற்பீர்கள்.

வங்கி ஆப்கள் பல அந்தக் குறிப்பிட்ட போனோடும் சிம்மோடும் பிணைக்கப்பட்டவை. புதுப் போனில் மறுபடி பதிவு செய்ய வேண்டும். சிலவற்றில் பதிவு செய்த பிறகு கொஞ்ச காலத்துக்குப் பெரிய தொகை அனுப்ப விடமாட்டார்கள். வீட்டு வாடகை, கட்டணம் கட்டும் வாரத்தில் போனை மாற்றாதீர்கள்.

ஆறு இலக்கக் குறியீடு தரும் ஆப்களில், குறியீட்டை உருவாக்கும் ரகசியச் சாவி போனுக்குள் இருக்கும். கூகுள் ஆத்தென்டிகேட்டரில் 2023 ஏப்ரலில்தான் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி வந்தது. எந்த ஆப்பாக இருந்தாலும் ஒத்திசைவு இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அல்லது ஏற்றுமதி வசதியைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு முக்கியக் கணக்குக்கும் தரும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். கடவுச்சொற்கள் ஆப்பிளின் ஆப்பில் மட்டும் இருந்தால் ஆண்ட்ராய்டில் அவற்றைத் திறக்க முடியாது. முன்கூட்டியே இரண்டு பக்கமும் இயங்கும் கடவுச்சொல் மேலாளருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பாஸ்கீ விஷயத்தில் நான் பின்பற்றுவது எளிய வழி. பழைய போன் கையில் இருக்கும்போதே ஒவ்வொரு சேவையிலும் நுழைந்து புதுப் போனுக்கென்று புதிய பாஸ்கீ ஒன்றைச் சேர்த்துவிடுவேன்.

என் வாட்ச், இயர்பட்ஸ், சார்ஜர் பயன்படுமா?

வாட்ச்தான் பெரிய தடை. ஆப்பிள் வாட்சுக்கு ஐபோன் வேண்டும். ஆண்ட்ராய்டோடு சேராது. சாம்சங்கின் கேலக்ஸி வாட்ச் 4, அதாவது 2021 மாடல் முதல், ஐபோனோடு சேராது. ஆகவே கையில் வாட்ச் கட்டியிருப்பவர் போன் விலையோடு வாட்ச் விலையையும் கூட்டித்தான் கணக்குப் போட வேண்டும். அதில் சேர்ந்த உடல்நலப் பதிவுகளும் அங்கேயே தங்கிவிடும்.

இயர்பட்ஸ் சாதாரண ப்ளூடூத் கருவியாக எங்கும் இயங்கும், சில சொகுசுகள் மட்டும் போய்விடும். கேபிள் பிரச்சினை தீர்ந்துவருகிறது. ஐபோன் 2012-இல் தொடங்கிய லைட்னிங் துளையை 2023-இல் ஐபோன் 15-ஓடு விட்டுவிட்டு யுஎஸ்பி-சிக்கு மாறிவிட்டது.

தமிழில் தட்டச்சு செய்ய எது வசதி?

இரண்டிலும் செய்யலாம். ஐபோனில் 2013-இல் ஐஓஎஸ் 7 வந்ததிலிருந்தே தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் உள்ளுக்குள்ளேயே இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் கூகுளின் ஜிபோர்டு ஆப் தமிழ் எழுத்துப் பலகையும் தருகிறது, ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாற்றியும் தருகிறது, பேசினால் எழுதவும் செய்கிறது. தமிழ்99 பழகியவருக்கு ஐபோன் முதல் நாளே இணக்கமாக இருக்கும். ஒலிபெயர்ப்பில் எழுதிப் பழகியவர் மாறினால், பழைய பலகை கற்றுவைத்திருந்த சொற்கள் எல்லாம் போய்விடுவதால் சில வாரம் எரிச்சலாக இருக்கும். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் போனில் தமிழ்ப் பலகையைச் சேர்த்து நான்கு வரி அடித்துப் பாருங்கள். நாளெல்லாம் தமிழில் எழுதுகிறவருக்குக் கேமராவைவிட இது முக்கியம்.

எத்தனை ஆண்டு அப்டேட் கிடைக்கும்?

2023 அக்டோபரில் பிக்சல் 8-க்குக் கூகுள் 7 ஆண்டு என்று அறிவித்தது. 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-க்குச் சாம்சங்கும் அதையே சொன்னது. ஐபோன்களில் 2018-இல் வந்த எக்ஸ்எஸ் மாடலுக்கு 2024-இன் ஐஓஎஸ் 18 வரை கிடைத்தது. "ஆண்ட்ராய்டில் இரண்டே ஆண்டுதான்" என்ற பழைய பேச்சு உயர்நிலை போன்களுக்கு இனிப் பொருந்தாது. விலை குறைந்த மாடல்களுக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அந்த மாடலுக்கு என்ன வாக்கு என்று தனியாகப் பாருங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். இந்தக் கணக்கு போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை. இரண்டு ஆண்டு பழைய மாடலைக் குறைந்த விலையில் வாங்கினால் ஏழில் இரண்டு ஏற்கெனவே போய்விட்டது. அப்படியும் ஐந்து மிச்சம் இருக்கிறதே என்றால், ஆமாம், பலருக்கு அதுவே நல்ல தேர்வு.

ஸ்டோரேஜ் எவ்வளவு வாங்க வேண்டும்?

இப்போதைய போனில் எவ்வளவு பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்று பார்த்து அதை இரண்டால் பெருக்குங்கள். வீடியோ எடுப்பவர் இன்னும் தாராளமாக இருக்க வேண்டும். ஐபோனின் கேமரா அமைப்பிலேயே கணக்குப் போட்டிருப்பார்கள். சாதாரண 1080பி வீடியோ ஒரு நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பி, நொடிக்கு 60 ஃபிரேம் வீதம் 4கே எடுத்தால் நிமிடத்துக்கு 400 எம்பி. குழந்தையின் பள்ளி விழாவைப் பத்து நிமிடம் எடுத்தால் 4 ஜிபி போய்விடும். மெமரி கார்டு போட்டுப் பழகிய ஆண்ட்ராய்டு பயனர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐபோனில் கார்டு துளை எப்போதுமே இருந்ததில்லை. இப்போது உயர்நிலை ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் இல்லை.

200 மெகாபிக்சல், 48 மெகாபிக்சல் — எது மேல்?

எண்ணைப் பார்க்காதீர்கள். 200 மெகாபிக்சல் சென்சார் வழக்கமாகப் பதினாறு பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்துச் சுமார் 12 மெகாபிக்சல் படம்தான் தருகிறது. மங்கலான வெளிச்சத்தில், அசைகிற மனிதரை எடுத்துப் பாருங்கள், எண் சொல்லாதது அதில் தெரிந்துவிடும்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

எடை. ஐபோன் 16 ப்ரோ மேக்ஸ் 227 கிராம், சாதாரண ஐபோன் 16 வெறும் 170. கேலக்ஸி எஸ்25 அல்ட்ரா 218, சாதாரண எஸ்25 162 கிராம். காகிதத்தில் சின்ன வித்தியாசம். இரவு படுத்துக்கொண்டு படிப்பவரின் சுண்டுவிரலைக் கேட்டால் தெரியும். ஒற்றைக் கையில் பிடித்து, கட்டைவிரல் மேல் மூலைக்குப் போகிறதா என்று பாருங்கள். திரையின் வெளிச்சத்தைக் கீழே இறக்கி ஐந்து நிமிடம் உரை ஏதாவது படியுங்கள். ஓஎல்இடி திரைகள் பல வெளிச்சத்தைக் குறைக்க வேகமாக மினுக்கும் முறையைப் பயன்படுத்துகின்றன, சிலருக்கு அது தலைவலி தரும். உங்களுக்குத் தருமா என்பதை எந்த விமர்சனமும் சொல்லாது.

பெட்டியைத் திறந்த பிறகு திருப்பிக் கொடுக்க முடியுமா, எத்தனை நாளுக்குள் என்பதையும் பணம் கட்டும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டும் வேண்டாம், முற்றிலும் புதிய தளத்தில் ஒரு போன் வந்திருக்கிறது. எடுக்கலாமா?

இந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் வரலாறு கடுமையாக இருக்கிறது. 2009-இல் பாம் ப்ரீ போனோடு வந்த வெப்ஓஎஸ்ஸின் அழகைப் பலரும் மெச்சினார்கள். 2010-இல் எச்பி அதை வாங்கியது. 2011 ஜூலை 1 அன்று அந்தத் தளத்தில் டச்பேட் என்ற டேப்லெட்டை வெளியிட்டு, ஆகஸ்ட் 18 அன்று வெப்ஓஎஸ் கருவிகள் அனைத்தையும் நிறுத்துவதாக அறிவித்தது. ஏழே வாரம். மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன் 2010-இல் வந்தது. பின்னாளில் நோக்கியாவின் போன் தொழிலையே விலைக்கு வாங்கியும் நிலைக்கவில்லை. 2019 டிசம்பர் 31-ஓடு வாட்ஸ்அப் அதில் நின்றது, 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட்டும் நின்றது. பிளாக்பெர்ரியின் சொந்தத் தளத்துக்கான சேவைகள் 2022 ஜனவரி 4 அன்று நின்றன.

இவற்றில் எதுவும் மோசமான தளம் இல்லை. ஆப் எழுதுகிறவர்கள் வராததால் மக்கள் வரவில்லை, மக்கள் வராததால் ஆப் வரவில்லை. இன்று ஹுவாவேயின் ஹார்மனிஓஎஸ் 2024 முதல் ஆண்ட்ராய்டு ஆப்களை விட்டுத் தனியே நிற்கிறது. எந்தப் புதுத் தளமானாலும், நீங்கள் தினம் திறக்கும் பத்து ஆப்களின் பெயரை எழுதி, இன்றைக்கே அவை அங்கே இருக்கின்றனவா என்று பாருங்கள். வங்கி ஆப் ஒன்று இல்லாவிட்டாலும் அதை முதன்மைப் போனாக எடுக்காதீர்கள்.

பழக எத்தனை நாள் ஆகும்?

எனக்கு மூன்று வாரம் ஆனது. கண் சீக்கிரம் பழகிவிடும், விரல்தான் தாமதிக்கும். ஆண்ட்ராய்டில் இடது, வலது எந்த ஓரத்திலிருந்து இழுத்தாலும் பின்னால் போகலாம். ஐபோனில் இடமிருந்து வலமாகத்தான் இழுக்க வேண்டும், சில ஆப்களில் அதுவும் வேலை செய்யாது, மேலே உள்ள குறியைத் தேட வேண்டும். ஆண்ட்ராய்டிலிருந்து வருகிறவருக்கு ஐபோனில் அறிவிப்புகள் அடுக்கப்படும் விதம் குழப்பும். முதல் வாரத்து எரிச்சலை வைத்து "தவறான போன் வாங்கிவிட்டேன்" என்று முடிவு கட்டாதீர்கள். நான்காவது வாரமும் அதே இடத்தில் எரிச்சல் வந்தால் அதைப் பொருட்படுத்தலாம்.

பழைய போனை எப்போது விற்கலாம், கொடுக்கலாம்?

ஒரு மாதம் கழித்து. ஒரு முழு மாதச் சுழற்சியில்தான் மாதம் ஒருமுறை மட்டும் திறக்கும் ஆப்கள், கட்டணங்கள், மருத்துவ அறிக்கைகள் எல்லாம் வெளியே வரும். அதுவரை பழைய போனை அழிக்காமல் சார்ஜ் போட்டு வைஃபையில் வைத்திருங்கள். இந்த ஒரு மாதத்துக்காக எக்ஸ்சேஞ்ச் தொகையில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. என் அப்பாவின் குரல் அந்த ஒரு மாதத்தில்தான் போனது.

கொடுக்கும் நாளில் வரிசை முக்கியம். ஐபோன் என்றால் முதலில் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள், அதோடு தொலைந்த போனைத் தேடும் "ஃபைண்ட் மை" வசதி அணைந்துவிடும். அதன் பிறகே எல்லாவற்றையும் அழியுங்கள். ஆண்ட்ராய்டு என்றால் அமைப்புகளில் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு ரீசெட் செய்யுங்கள். வரிசை மாறினால் வாங்குகிறவர் போனைத் திறக்கும்போது உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும், அவர் நடுவழியில் உங்களை அழைப்பார். சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டீர்களா என்று ஒருமுறை துளையைத் திறந்து பாருங்கள். இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) என்றால் அது புதுப் போனில் இயங்குகிறது என்று ஒரு அழைப்பு போட்டு உறுதி செய்த பிறகே பழையதிலிருந்து நீக்குங்கள்.